சிவப்பு வண்டிக்கு நின்ற பாக்கி

அன்றைக்கு எங்கள் பட்டறையில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். அப்பா. டீ டம்ளர் தட்டோடு கதவு நிலையில் நின்றுகொண்டு, வெளியே வராமல் கேட்டுக்கொண்டிருந்த அம்மா. திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்த ரிக் மாமா. இரண்டு போர்வெல் லாரி வைத்திருந்ததால் அந்தப் பெயர், மற்றபடி எங்களுக்கு உறவில்லை. அவருடைய டிரைவர். புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த பண்ணை மாமா, அவரும் உறவில்லை. ஆறாவது ஆள் நான். பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. அண்ணன் அங்கே இல்லை. காலேஜில் சேர ஃபோட்டோ கேட்டிருந்தார்கள் என்று டவுனுக்குப் போயிருந்தான்.

இவ்வளவு சரியாகக் கணக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு அங்கே பேசிய ஒரு பேச்சை ஆறு பேரும் கேட்டோம். ஐந்து பேருக்கு அதன் பொருள் தெரியும். தெரியாத ஒரே ஆள்தான் பிற்பாடு வாயைத் திறந்தது.

முதலில் வண்டியைச் சொல்ல வேண்டும். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத, வெளிநாட்டு ரேஸ் கார். பேர் எழுதிய தகடு எப்போதோ கழன்று போயிருந்தது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களாவில், பலாமரத்தடியில் பல வருடம் கிடந்ததைக் காயலான் கடைக்காரர் எடைக்குப் பேசிக் கீழே இறக்கிக்கொண்டு வந்திருந்தார். அப்பா லாரிக்கு பாடி கட்டுகிறவர். பரமத்தி ரோட்டில் எங்கள் வீடும் பட்டறையும் ஒரே கூரைக்கடியில் இருந்தன. பழைய ஆக்சில் ஒன்று பார்க்க அந்தக் கடைக்குப் போனவர், ஆக்சிலை விட்டுவிட்டுக் காரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. டிரைவர் சீட் இருந்த இடத்தில் ஒரு பலாக்கன்று முளைத்து நான்கு இலை விட்டிருந்தது. மூன்றாம் நாள் அம்மா அதைப் பிடுங்கிப் பின்பக்கம் நட்டுத் தண்ணீர் ஊற்றினாள். அதுதான் சமாதானம் என்று அப்பா எடுத்துக்கொண்டார். கன்று பிழைக்கவில்லை.

வண்டி பிழைத்தது. நான்கு வருடம் ஆயிற்று. லாரி வேலை முடிந்த சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்பா அதைத் தட்டிக்கொண்டே இருந்தார். துருப்பிடித்துப் போன பானெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மணல் மூட்டை மேல் புதுத் தகட்டைப் போட்டு, மரக்கொட்டாப்புளியால் சின்னச் சின்னதாகத் தட்டி வளைத்தார். கதவுச் சட்டத்துக்கு லாரி பாடியில் மிஞ்சிய மரம். வால்வு சேலத்து லேத்தில் கடைந்தது. பிரேக் பைப்பை ரிக் மாமாவே உட்கார்ந்து வளைத்துக் கொடுத்தார். கார்புரேட்டரைப் பண்ணை மாமா பெங்களூரில் மூன்று நாள் அலைந்து கொண்டு வந்தார். சிவப்புப் பெயிண்ட், லாரி கேபினுக்கு அடிக்கிற அதே சிவப்பு. எனக்கும் ஒரு வேலை இருந்தது. கழற்றும்போது போல்ட், நட்டு, வாஷர் எல்லாவற்றையும் எண்ணிக் காப்பித் தூள் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். மாட்டும்போது மறுபடி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. ஓடுகிற வண்டியிலிருந்து அந்த ஒரு போல்ட்டால் சக்கரம் கழன்று போவதை நான் கண்ணை மூடாமலே பார்ப்பேன். அப்பா சிரிப்பார். ஆனால் என்னைத் தவிர வேறு யாரையும் எண்ணவிட்டதில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் சுற்று வட்டாரத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ரிக் ஓட்டுகிறவர், கோழி வளர்க்கிறவர், சேலத்தில் நூல் வியாபாரம் செய்கிறவர் என்று தொழில் வேறு வேறு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புதுச்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஹைவேயில் ஒரு டீக்கடையில் சேருவார்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, சீக்காளி வீட்டுக்குப் போனவர்கள் மாதிரி ஆளாளுக்கு எட்டிப் பார்த்து யோசனை சொல்வார்கள். ஒருவரிடம் இருக்கிற வண்டி இன்னொருவருக்குப் பிடித்துவிட்டால் மாற்றிக்கொள்வார்கள். விலை கூடின வண்டியை வாங்குகிறவர் தன் வண்டியோடு மேலே காசும் போட்டுக் கொடுப்பார்.

அந்தக் காசில் ஒரு வழக்கம் இருந்தது. முழுதாகக் கொடுக்க மாட்டார்கள். கொஞ்சம் பாக்கி நிறுத்துவார்கள். மாடு விற்கிறவர் கயிற்றைத் தன் கையில் வைத்துக்கொள்கிற மாதிரி. அந்தப் பாக்கி நிற்கிற வரைக்கும் வாங்கியவர் வண்டியை வேறு யாருக்கும் தள்ளிவிட முடியாது. முதலில் பழைய சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும். அவர் காசு புரட்ட ஒரு மாதம் பொறுக்க வேண்டும். விற்றவர் வாய்விட்டுப் பாக்கியைக் கேட்டுவிட்டாரோ, அந்த இடத்திலேயே எண்ணி வைத்துவிட வேண்டும். அதோடு உரிமை தீர்ந்தது. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. பக்கத்தில் நிற்கிற ஒருவர் காதில் விழுந்தால் போதும்.

அண்ணனுக்குத் திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. எங்கள் வீட்டில் விற்கக்கூடியதாக இருந்தது அந்த ஒரு பொருள்தான். அம்மாவின் நகை அதற்கு முந்தியே பேங்கில் இருந்தது. சிவப்பு வண்டிக்கு ரிக் மாமா தன் ஜீப்பையும் மேலே ஒரு லட்சத்து இருபதாயிரமும் என்று பேச்சு முடிந்தது. அவர் பணக்கட்டை அப்பா கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"மாப்ள, ஒண்ணே பதினஞ்சு இருக்குதுங்க. அஞ்சாயிரம் நிக்கட்டும்."

"நிக்கட்டுங்க," என்றார் அப்பா.

பண்ணை மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "நான் கேட்டுக்கிட்டனுங்க."

அவ்வளவுதான் பேச்சு. 'மாப்ள' என்றதைக் கவனிக்க வேண்டும். பட்டறைக்கு ரிக் சம்பந்தமான வேலையாக வந்தால் ரிக் மாமா அப்பாவை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுவார். வெல்டிங் கூலியில் பேரம் பேசுவார். கார் விஷயம் வந்துவிட்டால் மாப்ள. அந்த ஐயாயிரம் நின்ற ஒரு வருடமும் அப்பா அவருக்கு மாப்ளயாகவே இருந்தார்.

ரிக் மாமா எந்த வண்டியையும் இரண்டு வருடத்துக்கு மேல் வைத்துக்கொண்டவர் இல்லை. எல்லோருக்கும் தெரியும். அப்பா அதைத்தான் நம்பியிருந்தார். அவர் மாற்ற நினைக்கும்போது வண்டி முதலில் எங்கள் வாசலுக்கு வரும். அதற்குள் எப்படியாவது காசு சேர்த்துவிட வேண்டும். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் லாரிக் கூலியில் மிச்சம் பிடித்ததைப் போட்டு வந்தார். பட்டறையில் அது நின்றிருந்த இடத்தை வேறு வண்டிக்குக் கொடுக்கவில்லை. தரையில் நான்கு டயர் நின்ற இடத்திலும் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். அழிய அழியத் திரும்பப் போடுவார். ஜீப் வெளியே வெயிலில் நின்றது. எதற்கு இந்தக் கோடு என்று கேட்டேன். "எலி வராம இருக்கறதுக்கு," என்றார். நான் நம்பினேன். எலி வரவும் இல்லை.

அண்ணனுக்கு இரண்டாம் வருடம். அந்த வருடம் லாரிக்காரர்கள் கையில் காசில்லை, டின்னில் சேர்ந்திருந்ததும் அண்ணனுக்கே போயிருந்தது. பாடி கட்டக் கொடுத்துவிட்டு எடுக்க வராமல் இரண்டு லாரி பட்டறையில் நின்றன. ஒரு நாள் அம்மா அடுப்படியில் இருந்தபடியே பேசினாள். அப்பா கைகால் கழுவிக்கொண்டிருந்தார். நான் நடுவில் வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி இருந்தேன்.

"மெஸ் காசு கட்டலீன்னா ஹால் டிக்கெட் குடுக்க மாட்டாங்களாமுங்க. பையன் ஃபோன்ல அழுவறான்."

"பாக்கலாம்."

"எதைப் பாக்கறதுங்க? அந்த அஞ்சாயிரத்தக் கேட்டு வாங்கிட்டு வாங்களே."

"அது கேக்கற காசில்ல."

"கேக்காத காசு எதுக்குங்க? சட்டம் போட்டு மாட்டி வெக்கறதுக்கா?"

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, தேவைக்கு அதிகமாகவே.

எனக்கு அது போதும். அண்ணன் பரீட்சை நடக்கிற ரூமுக்கு வெளியே, ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, உள்ளே எல்லோரும் எழுதுவதைப் பார்ப்பது எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அவன் கையில் இரண்டு பேனா இருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் பாடம் நடத்தும்போதும் அவன் நின்றான். நான் சாப்பிடும்போதும் நின்றான். அப்பாவுக்குக் கூச்சம், வர வேண்டிய காசைக் கேட்கத் தெரியாதவர் என்று முடிவு செய்தேன். கேட்கத் தெரிந்த யாராவது கேட்டுவிட்டால் தீர்ந்து போகிற காரியம். அப்படி யாரும் எனக்குத் தெரியாததால் நானே கேட்பது என்று ஆயிற்று. பதினைந்து நாள் ஒத்திகை பார்த்தேன். 'மாமா, அண்ணனுக்கு மெஸ் காசு கட்டோணும், கட்டலீன்னா பரீட்சை எழுத முடியாது, அதனால அந்த அஞ்சாயிரத்தைத் தர முடியுமுங்களா?' இதுதான் வசனம். பக்கத்து வீட்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போகும்போதெல்லாம் அதனிடம் சொல்லிப் பார்த்தேன். அது நன்றாகக் கேட்டுக்கொண்டது.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நானும் வருகிறேன் என்று ஜீப்பில் ஏறிக்கொண்டேன். நாங்கள் போகும்போது டீக்கடை முன்னால் ஐந்து வண்டிகள் நின்றன. கடைசியில் சிவப்பு. வெயில் இன்னும் ஏறவில்லை. அது மட்டும் வெயிலில் நிற்கிற மாதிரி இருந்தது. சைலன்சரில் ஏதோ தட்டுகிறது என்று ரிக் மாமா சொன்னார். அப்பா சொல்லி முடிக்கவிடவில்லை. சாக்கை விரித்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போய்விட்டார். முழங்காலுக்குக் கீழே கால் மட்டும் வெளியே தெரிந்தது. வண்டி இன்னொருவருடையது என்பது அப்பாவின் கைக்குத் தெரியாது.

ரிக் மாமா கையில் டீயோடு பானெட் பக்கத்தில் நின்றார். பண்ணை மாமாவும், சேலத்து நூல்காரரும், இன்னும் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். ரிக் மாமாவின் டிரைவர் ரிக்குக்கு டீசல் பிடிக்கப் போகிற வழியில் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தார். தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பதினைந்து நாள் ஒத்திகையில் அந்த ஒன்றை விட்டுவிட்டேன்.

போய் நின்றேன்.

"என்ன சாமி, வண்டி ஓட்டறியா?" என்றார் ரிக் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணனும் மெஸ்ஸும் பரீட்சையும் தொண்டைக்குக் கீழே எங்கேயோ போய்விட்டன. வந்தது வால்பகுதி மட்டும்.

"மாமா, எங்கப்பாவுக்கு நீங்க தர வேண்டிய அஞ்சாயிரத்தைக் குடுத்துருங்க."

சிரிப்பு நின்றது. அடியில் ஸ்பேனர் சத்தமும் நின்றது.

"என்ன சாமி?"

"வண்டிப் பாக்கிங்க. அஞ்சாயிரம்."

ரிக் மாமா என்னைப் பார்க்கவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கால்களைப் பார்த்தார். கொஞ்சம் சத்தமாக, அந்தக் கால்களிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "மேஸ்திரி, கொழந்தை பாக்கி கேக்குது."

கால்கள் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு லாரி எங்களைத் தாண்டிச் சேலம் பக்கம் போய், அதன் சத்தம் முழுக்க அடங்குகிற நேரம்.

பண்ணை மாமாதான் குறுக்கே வந்தார். "ஏனுங்க, கொழந்தை ஏதோ தெரியாமக் கேட்டுப்போட்டுது. அதுக்குப் போயி..."

"கேட்டாச்சுல்லீங்க," என்றார் ரிக் மாமா. "அஞ்சு பேரு முன்னால கேட்டாச்சு. அப்பறம் நான் குடுக்காம நின்னா நல்லாருக்குமா?"

டிரைவரைக் கூப்பிட்டார். டீசல் பிடிக்க வைத்திருந்த பணம், நூறு ரூபாய்த் தாள்கள். எண்ணெய்க் கறையும் செம்மண்ணுமாக இருந்தன. அதை என் இரண்டு கையிலும் வைத்தார்.

"எண்ணிக்க சாமி."

எண்ணினேன். எண்ணுவதில் நான் பிசகியதே இல்லை. ஐம்பது தாள். பெருமையாக இருந்தது. கொட்டாப்புளியால் ஒரு நெளிவை ஒரே தட்டில் எடுத்துவிட்ட மாதிரி.

அப்பா ஊர்ந்து வெளியே வந்தார். துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும். என் கையிலிருந்த பணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டனுங்கப்பா. சரியா இருக்குதுங்க."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரிக் மாமாவைப் பார்த்து, "சரிங்க. தீந்துது," என்றார். மறுபடி சாக்கில் படுத்து அடியில் போனார். விட்ட இடத்திலிருந்து போல்ட்டை முறுக்கி முடித்தார். அதற்குப் பத்து நிமிடம் ஆனது. ரிக் மாமா டீயைக் குடிக்காமல் ரோட்டோரத்தில் ஊற்றினார்.

திரும்பும்போது ஜீப்பில் பாதி தூரம் வந்த பிறகு அப்பா, "அம்மா கேக்கச் சொன்னாளா?" என்றார்.

"இல்லீங்கப்பா. நானாத்தான் கேட்டேன்."

தலையை ஆட்டினார். ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தித் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். நான் தின்று முடிக்கிற வரைக்கும் ஜீப்பை எடுக்கவில்லை.

"அம்முணி, இதை ஒண்ணு கேளு. நீயாக் கேட்டேன்னு யாருகிட்டயும் சொல்லாத. யாரு கேட்டாலும் அப்பன் கேக்கச் சொன்னாருன்னு சொல்லு. என்ன?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. பதினைந்து நாள் பயந்து, எருமையிடமெல்லாம் சொல்லிப் பார்த்து, கேட்கத் தெரியாத அப்பாவுக்காக நான் போய்க் கேட்டு வாங்கியது. அந்தப் பேரை அப்பா எடுத்துக்கொள்கிறார். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அழுதிருப்பேன். பன் இருந்ததால் சரி என்றேன்.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் கேட்ட காசைத்தானே கொண்டு வந்திருக்கிறேன். அவள் என்னைத் தூக்கிச் சுற்றப் போகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டு நின்றேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அடக் கண்ணே," என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுப் பட்டறைப் பக்கம் போய், அப்பா பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அண்ணன் பரீட்சை எழுதினான்.

நான்கு மாதம் கழித்து, கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் சிவப்பு வண்டியை வாங்கிப் போனார். ரிக் இரண்டும் வேலையில்லாமல் நிற்க, தவணைக்கு நெருக்குகிறார்கள் என்று ரிக் மாமா அவசரமாகக் கொடுத்துவிட்டாராம். அவரைக் குற்றம் சொல்ல இடமில்லை. யாரையும் கேட்க வேண்டிய கடன் அவருக்கு இல்லை. பண்ணை மாமா வந்து இதைச் சொன்னபோது நான் பட்டறையில் வாஷர் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வார்த்தை நீங்க போய்ச் சொல்லியிருக்கலாமுங்க மேஸ்திரி. கொழந்தை அறியாமக் கேட்டுதுன்னு. அவரும் அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் உங்களை எதிர்பார்த்துட்டேதான் இருந்தாரு."

"அறியாம இல்லீங்க. நான் சொல்லித்தான் கேட்டுது," என்றார் அப்பா.

பண்ணை மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான், சொல்லி வைத்தபடி, ஆமாங்க என்று தலையாட்டினேன். நல்ல பிள்ளை இல்லையா.

அன்று மாலை அப்பா ஜீப்பை உள்ளே கொண்டு வந்து சாக்பீஸ் கோட்டின் மேல் நிறுத்தினார். ஜீப்பின் டயர்கள் அகலம். கோட்டுக்கு வெளியே நின்றன. அதன் பிறகு அவர் கோடு போடவில்லை. எலி பற்றி எனக்குக் கொஞ்சம் கவலை இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். பிஸ்கட் டின் இரண்டு வருடம் கழித்துத் திறந்து கிடந்தது. என் காதுக்கு ஒரு ஜோடித் தோடு வந்தது.

அந்தப் பாக்கியின் பொருளை எனக்குச் சொன்னதும் பண்ணை மாமாதான். அப்போது எனக்கு வயது இருபதுக்கு மேல். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். பரீட்சைக்கு முதல் நாள் காய்ச்சல் வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது, யாரும் வற்புறுத்தவில்லை. அப்பாவின் பட்டறையின் முன்பக்கத்தில் சீட் கவர் தைக்க உட்கார்ந்தேன். அவர் காருக்குக் கவர் தைக்கக் கொடுத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, கயிறு பற்றியும் மாடு பற்றியும் சொல்லிவிட்டு, "உங்கப்பா அவ்வளவு ஆசையா இருந்த வண்டியை எதுக்கு அப்படி அறுத்துட்டாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல அம்முணி," என்றார். ஊசி என் விரலில் ஏறியிருந்தது. அதைப் பிடுங்காமலே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்தக் காலையை எத்தனையோ தடவை கழற்றி மாட்டிப் பார்த்திருக்கிறேன். வசனத்தின் முன்பாதி வாயில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். ரிக் மாமா அண்ணனுக்கு என்று தனியாகக் கொடுத்திருப்பார், பாக்கி நின்றிருக்கும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால். வண்டிக்கடியிலிருந்து அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். எல்லா டப்பாவிலும் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஒரு டப்பாவில் மட்டும் இல்லை. கால்கள் அசையாமல் இருந்த அந்த நேரத்தில் அப்பா எதை எண்ணிக்கொண்டிருந்தார்? 'நான் சொல்லவில்லை, அவளாகக் கேட்டாள்' என்று சொன்னால் வண்டி கிடைத்திருக்கும். ஐந்து பேர் நடுவில், பன்னிரண்டு வயதுப் பெண், கையில் ஐம்பது தாளோடு, தப்புச் செய்தவளாக நின்றிருப்பாள். ஏற்கெனவே ஒரு வாஷர் குறைந்தால் சாப்பிடாதவள். பன் தின்றபோது நான் பறிகொடுத்ததாக நினைத்தது என் பேரை. அப்பா என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு என்பது அப்போது தெரியவில்லை.

இதை அப்பாவிடம் நான் பேசியதில்லை. பேசினால் அவர் இத்தனை வருடம் தூக்கி வைத்திருந்ததைக் கீழே போடச் சொல்வது மாதிரி.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு பகலில், கடை முன்னால் ஒரு பழைய இரண்டு கதவுக் கார் வந்து நின்றது. பச்சை நிறம். ரிக் மாமா இறங்கினார். எழுபது தாண்டியிருக்கும். ரிக்குகள் போய்ப் பல வருடம் ஆகிவிட்டன. டிரைவர் இல்லை, அவரே ஓட்டி வந்திருந்தார். பதினெட்டு வருடத்தில் எங்கள் வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"மேஸ்திரி மவதான நீயி?"

"ஆமாங்க மாமா."

"சீட்டு ரெண்டும் பிஞ்சு போச்சு. புதுசாக் கட்டித் தருவியா?"

அப்பா உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய கவர்களிலிருந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு அதுதான் வேலை. எழுந்து வெளியே வந்தார். "வாங்க," என்றார். "இருக்கறீங்களா மேஸ்திரி," என்றார் அவர். ஒருவர் உடம்பை ஒருவர் விசாரித்தார்கள். பிறகு அப்பா பச்சை வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்னால் குனிந்து காது கொடுத்தார்.

"சைலன்சர் தட்டுதுங்களே."

"தட்டுதுங்க," என்றார் ரிக் மாமா.

நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

கறுப்பு ரெக்சின், ஓரத்தில் சிவப்புப் பைப்பிங் வைத்து ஆறு நாளில் தைத்தேன். சிவப்பு என்று அவர் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இடையில் ஒரு நாள், இப்போதெல்லாம் சாக்கை விரித்துப் படுக்க முடியாத அப்பா, பட்டறைப் பையன் ஒருவனை அடியில் படுக்க வைத்து, மேலே நின்று எந்தப் போல்ட் என்று சொல்லி முறுக்க வைத்தார். கூலி பதினெட்டாயிரம். ஏழாம் நாள் ரிக் மாமா வந்து உட்கார்ந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"எண்ணிக்க சாமி."

சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். நான் எண்ணினேன். ஐந்நூறு ரூபாய்த் தாள், இருபத்தாறு. மறுபடி எண்ணினேன். இருபத்தாறு. பதிமூன்றாயிரம். அவர் ஸ்டார்ட் செய்துவிட்டார். வண்டி நகரவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். என் வாய் திறந்துவிட்டது. அந்தப் பழைய வசனத்தின் வால் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

பச்சை வண்டி பரமத்தி ரோட்டில் ஏறிப் போனது. சைலன்சர் தட்டவில்லை.

அப்பா நூல் பிரிக்கிற கையை நிறுத்தியிருந்தார்.

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டனுங்கப்பா. சரியா இருக்குதுங்க."

அவர் என்னையும் என் கையிலிருந்த தாள்களையும் பார்த்தார். பிறகு நூலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

இப்போது எனக்கு வேறு கவலைகள். வயதானவர், கண் தெரியாமல் குறைத்து எண்ணிவிட்டாரோ. கையில் அவ்வளவுதான் இருந்ததோ, வெட்கப்பட்டுச் சொல்லாமல் போய்விட்டாரோ. கூலியையே பதிமூன்று என்று காதில் வாங்கியிருப்பாரோ. ஒரு ஃபோன் போட்டால் தெரிந்துவிடும். நம்பர் இருக்கிறது. போடவில்லை. கடை நோட்டில் அவர் பேருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி ஒரே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: ரிக் மாமா, பாக்கி ஐயாயிரம் ரூபாய்.